வெறும் வயிற்றில் மாத்திரை

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மாலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. நடைபாதையை ஒட்டிய ஒட்டுக்கடையில் எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. சட்டிக்கு எதிரே, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளை மாதிரி என் தம்பி டேனியல் நின்றிருந்தான். ஐம்பதைத் தாண்டிய ஆள். பெர்த்தில் எஞ்சினியர். அவனுக்குக் கீழே ஒரு பட்டாளமே வேலை செய்கிறது. அன்றைக்கு அவன் கண்ணுக்குச் சட்டியைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை.

கடைக்காரப் பெண் பருப்பு வடையைக் கரண்டியில் அள்ளி எண்ணெய் வடியவிட்டதும் கையை நீட்டினான்.

"அண்ணே, சூடு லா. கை வெந்துடும்."

"வேகட்டும். குடுங்க."

காகிதத்தில் வாங்கியவன் ஊதக்கூட இல்லை. கடித்தான். வாய்க்குள் அதை இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமாகத் தள்ளிக்கொண்டு, கண்ணை மூடி, மூக்கால் ஆவி விட்டான். சோம்பு வாசனை எனக்கும் அடித்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஊர் மண்ணில் நின்று சாப்பிடுகிறான். பார்க்க எனக்கு வயிறு நிறைந்தது. பொய் சொல்வானேன்.

அவன் கை பச்சை மிளகாய்க் கிண்ணத்துக்குப் போனது. தட்டிவிட்டேன்.

"மிளகாய்கூட கூடாதாக்கா?"

"பச்சையா எதுவும் கிடையாது. சட்னியும் கிடையாது."

கடைக்காரப் பெண்ணுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "நம்ம சட்னி இப்பதான் அரைச்சது ஆன்டி. ஒரு நாள்கூட யாரும் கொறை சொன்னதில்ல."

"உங்க சட்னில ஒரு கொறையும் இல்லம்மா. இவன் வயித்துக்குள்ள இருக்கறது என்னோட கிட்னி. அதுக்குத்தான் சொல்றேன்."

சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் அந்தப் பெண் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். டேனியல் வடையை விழுங்கிவிட்டு, "நெஜம்தான். சட்டப்படி இந்த வடைல பாதி அவங்களுக்குச் சேரணும்" என்றான். அப்போது மூன்று பேருமே சிரித்துவிட்டோம்.

அது யாருடையது

ரயில்வே குவார்ட்டர்ஸில் நாங்கள் வளர்ந்த கதையை இந்தத் தொடரில் எழுதியபோதெல்லாம் வாசகர்கள் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "அந்தக் குறும்புக்காரத் தம்பி இப்ப எங்க இருக்காரு?" பதில் சொல்லாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சொல்ல ஆரம்பித்தால் என் எழுத்து சண்டைக்காரி எழுத்தாகிவிடும் என்று எனக்குத் தெரியும். இந்த வாரம் ஆனது ஆகட்டும்.

எங்கள் வீட்டில் நாங்கள் இருவர்தான். அவனுக்கும் எனக்கும் எட்டு வயது வித்தியாசம். ரத்தக் கொதிப்பைக் கவனிக்காமல் விட்டு அவனுடைய இரண்டு கிட்னியும் போய்விட்டன. கோவிட் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு அது. அவன் மனைவி லீனாவுக்குப் பொருந்தவில்லை. எனக்குப் பொருந்தியது. பெர்த்துக்குப் போய்ப் படுத்தேன், கொடுத்தேன், எழுந்து வந்தேன்.

நான் ஒன்றும் பெரிய தியாகி கிடையாது. சபையில் என்னை மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்லச் சொன்னார்கள். முடியாது என்றுவிட்டேன். ஒரே தம்பி, அவன் சாகக்கூடாது, அவ்வளவுதான் என் கணக்கு. ஆப்பரேஷன் முடிந்து கண் விழித்ததும் முதலில் கேட்டது, "அவனுக்கு ஒன்னுக்கு வந்துச்சா?" குழாயில் நன்றாக இறங்குகிறது என்று நர்ஸ் சொன்னாள். இருந்த வலியிலும் அப்படி ஒரு சந்தோஷம். மூத்திரத்துக்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்ன ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அவனை வீட்டுக்கு அனுப்பும் முன்பு அங்கே ஒரு நர்ஸ் எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். காலையும் மாலையும் அதே நேரத்துக்கு மாத்திரை, உயிர் இருக்கும்வரை. வாந்தி வந்து மாத்திரை உள்ளே நிற்கவில்லை என்றால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும். சாப்பாட்டில், கண் முன்னால் கொதித்து இறங்கியது எதுவும் ஆகும். பச்சைக் காய்கறி, ஐஸ், திறந்து கிடந்தது, ஆறிப்போனது எதுவும் ஆகாது. அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிறது. அதனால் மற்றவனுக்கு ஒரு நாள் பேதியாகப் போவது இவனுக்கு ஆஸ்பத்திரி.

நான் அதை மனப்பாடம் செய்தேன். பள்ளிக்கூட ஆபீசில் காலமெல்லாம் கணக்கும் கடிதமும் எழுதும் கிராணி வேலை பார்த்தவள் நான். விதி என்றால் விதி.

ஊரில் சொந்தக்காரர்கள் புரிந்துகொண்டது வேறு. "கிட்னி மாத்தியாச்சு. இனி நல்லாயிட்டாரு." பழைய டயரைக் கழற்றிவிட்டுப் புது டயர் போட்ட மாதிரி. எத்தனை தடவை விளக்கினாலும் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "அப்ப நல்லாயிட்டாருதானே?" என்று திரும்ப அங்கேயே வந்து நிற்பார்கள்.

சாப்பிடப் போகிற குடும்பம்

நான் ஒட்டுக்கடைக்கு விரோதி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் குடும்பத்தில் யாரும் ஊர் பார்க்கப் போனதே கிடையாது. சாப்பிடத்தான் போவோம். ஈப்போவுக்குப் போய் வந்தோம் என்றால் குகைக் கோயிலைப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள். அதன் வாசலில் விற்ற அவித்த கடலையைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

இது அப்பாவிடமிருந்து வந்த வியாதி. அவர் ரயில்வேயில் இருந்ததால் எங்களுக்கு இலவசப் பாஸ் உண்டு. பள்ளி விடுமுறை வந்தால் எங்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் ஜன்னலுக்கு வெளியே கைகள் நீளும். இலையில் மடித்த நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறு, காகிதச் சுருளில் கச்சான் கடலை, பிளாஸ்டிக் பையில் ஸ்ட்ரா செருகிய சிராப் தண்ணீர். அப்பா எதையும் மோந்து பார்த்துத்தான் வாங்குவார். மோந்து பார்த்தே நல்லது கெட்டது தெரிந்துவிடும் என்று அவருக்கு நம்பிக்கை. பாதி நேரம் தெரிந்தது. மீதி நேரம் நாங்கள் வாந்தி எடுத்தோம்.

வாந்தி எடுத்தால் வழக்கு அம்மாவிடம் போகும்.

அம்மாவின் இரண்டு கட்டளைகள்

அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று. "வயித்தக் காயப்போடு." பாலும் சீனியும் இல்லாத கோப்பி ஓ, தார் மாதிரி, அரை டம்ளர். அதற்குப் பிறகு ஒன்றும் கிடையாது. சோறு கிடையாது, கஞ்சி கிடையாது, தண்ணீர்கூடக் கிடையாது. உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது அம்மாவின் வாதம். தண்ணீர்க் கூஜாவை அலமாரி உச்சியில் ஏற்றிவிடுவார். ஒரு தடவை டேனியல் தாகம் தாங்காமல் குளியலறைக் குழாயில் வாயை வைத்துக் குடித்து மாட்டிக்கொண்டான். வயிற்று வலியோடு முதுகு வலியும் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது கட்டளை, வெறும் வயிற்றில் மாத்திரை போடக்கூடாது. போட்டால் குடல் வெந்து புண்ணாகிவிடும். காய்ச்சலுக்கு வெள்ளை மாத்திரை கொடுப்பதானாலும் முதலில் ரெண்டு பிஸ்கட்டாவது உள்ளே போக வேண்டும். சாப்பிட முடியவில்லையா, அப்போது மாத்திரையும் இல்லை. மோசே மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வந்த பத்தோடு இவை பதினொன்றும் பன்னிரண்டும்.

எங்கள் வீட்டில் மட்டும் இல்லை. அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை முழுக்க, மெதடிஸ்ட் வீடு, கத்தோலிக்க வீடு, சாமி படம் மாட்டிய வீடு என்ற பேதமே இல்லாமல் இதே சட்டம்தான். இன்றைக்கும் உங்கள் வீட்டில் யாருக்காவது வயிறு போனால் முதலில் என்ன சொல்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், எங்களுக்குச் சரியாகியும்விடும். மறுநாள் எழுந்து பந்து விளையாடப் போய்விடுவோம். சின்னப் பிள்ளை உடம்பு, தானாகச் சரியானது. பெயர் அம்மாவின் கோப்பி ஓவுக்குப் போனது. அப்படித்தான் அது டேனியலின் எலும்புக்குள்ளே இறங்கியது.

கோவிட்டுக்குத் தப்பியவன்

எல்லைகளை அடைத்த அந்த நாட்களில் அவன் வீட்டை விட்டு வெளியே தலை காட்டவில்லை. கடைச் சாமானைக்கூட வாசலில் வைத்துத் துடைத்துத்தான் உள்ளே எடுப்பானாம். அப்படிப் பயந்து பயந்து என் கிட்னியைக் காப்பாற்றினான். அதை நான் சொல்லியாக வேண்டும்.

ஆனால் அந்த அறைக்குள் உட்கார்ந்து அவன் பார்த்ததெல்லாம் சாப்பாட்டு வீடியோ. கிள்ளானில் யாரோ ஒருவன் ரொட்டி தட்டுவதை, யாரோ ஒருவன் செண்டோலுக்கு ஐஸ் சுரண்டுவதை, திரும்பத் திரும்ப. போனில் என்னிடம், "அக்கா, அந்த ஸ்டேஷன் பக்கத்துல ரொஜாக் விப்பாரே, இன்னும் இருக்காரா?" என்று கேட்பான். என் உடம்பு எப்படி இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் வரும்.

விமானங்கள் ஓட ஆரம்பித்ததும் ஒரு கல்யாணமும் சேர்ந்து வந்தது. பந்திங்கில் இருக்கும் எங்கள் சித்தப்பா மகன் சாமுவேலின் மூத்த பெண்ணுக்கு. லீனாவுக்கு லீவு கிடைக்கவில்லை. டேனியல் தனியாக வந்தான். ஏர்போர்ட்டில் அவனைக் கட்டிப்பிடித்தபோது நல்ல சதை போட்டிருந்தான். முகத்தில் களை இருந்தது. நம்ம சாமான் நல்லாத்தான் ஓடுது என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை.

கிள்ளானில் என் வீட்டில் இருந்தவரை என் சட்டம். பிரிக்ஃபீல்ட்ஸ் வடை, கிள்ளானில் கண் முன்னே தட்டிச் சுட்ட ரொட்டி, கொதிக்கக் கொதிக்கச் சூப். காலைப் பசியாறலோடு மாத்திரை, மாலை தேநீரோடு மாத்திரை. போட்டதும் லீனாவுக்கு ஒரு மெசேஜ். கல்யாணமும் நன்றாக முடிந்தது.

அதற்குப் பிறகு சாமுவேல் பிடித்துக்கொண்டான். "அண்ணன் எங்க வீட்ல கொஞ்ச நாள் இருக்கட்டும்கா. உங்க வீட்லயே வெச்சுக்கிட்டா எப்படி?"

"அனுப்பறேன். ஆனா ஐஸ் கிடையாது, பச்சையா ஒன்னும் கிடையாது, மாத்திரை தவறக்கூடாது."

"என்னக்கா, நான் என்ன கொழந்தையா? பாத்துக்கறேன் லா."

சாமுவேல் தங்கமானவன். லோரி வைத்து, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றுகிறவன், வாய் திறந்து பாசத்தைச் சொல்லத் தெரியாது. யாரையாவது பிடித்திருந்தால் அவர்களைக் காடியில் ஏற்றிக் கடை கடையாகக் கொண்டுபோய்த் தீனி போடுவான். அவனுக்குத் தெரிந்த அன்பு அது ஒன்றுதான்.

"தூங்குறாங்க அண்ணி"

என்னவெல்லாம் சாப்பிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சாலை ஓரத்தில் வெள்ளரிக்காயும் அவிக்காத தாவுகே முளைப்பயறும் போட்ட ரொஜாக். அதற்கு அடுத்த கடையில் செண்டோல், ஐஸ் மலை மாதிரி, மேலே தேங்காய்ப் பாலும் கருப்பட்டிப் பாகும். டேனியல் முதலில், "ஐஸ் வேணாம் சாமு" என்றுதான் சொன்னானாம். "ஆப்பரேஷன் ஆகி எத்தன வருஷம் ஆச்சுண்ணே. ஒரு கிண்ணம் லா" என்றானாம் சாமுவேல். டேனியலுக்கு அதற்கு மேல் வற்புறுத்தல் தேவைப்படவில்லை. இரண்டாவது கிண்ணத்தை அவனே கேட்டு வாங்கினானாம்.

அடுத்த நாள் அந்த வீட்டில் எல்லோருக்கும் வயிறு கலங்கியது. சாமுவேலுக்கு, அவன் மனைவி மேரிக்கு, இளைய பிள்ளைகள் இரண்டு பேருக்கும். பிள்ளைகள் அதற்கு மறுநாளே பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். டேனியலுக்கு மட்டும் நிற்கவில்லை. மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருந்தது.

என்ன செய்தார்கள்? கோப்பி ஓ போட்டுக் கொடுத்தார்கள். வயிற்றைக் காயப்போட்டார்கள்.

எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. போன எடுத்தாங்கன்னா கீழ வெக்க மாட்டாங்க" என்று அவனே தடுத்துவிட்டானாம். நான் கூப்பிடும்போதெல்லாம் மேரிதான் எடுத்தாள்.

"டேனி எங்கம்மா?"

"தூங்குறாங்க அண்ணி."

"இந்த நேரத்துல என்ன தூக்கம்?"

"வெளிய சுத்திட்டு வந்தாங்க. களைப்பு."

நானும் நம்பினேன். லீவில் வந்த ஆள், தூங்கட்டுமே. அதற்குப் பிறகு பெர்த்திலிருந்து லீனா கூப்பிட்டாள்.

"அண்ணி, மாத்திரை போட்டதும் எனக்கு மெசேஜ் போடுவாரு. ரெண்டு மூணு நாளா ஒன்னும் வரல. போனும் எடுக்கல. உங்ககூடத்தானே இருக்காரு?"

போனை வைத்துவிட்டு வீட்டுக்காரரை எழுப்பி, "காடிய எடுங்க" என்றேன்.

பந்திங் வீட்டு ஹால்

கிள்ளானிலிருந்து பந்திங் ஒன்றும் தூரம் இல்லை. அன்றைக்குச் செம்பனை லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனோம். நான் ஜன்னல் கண்ணாடியை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தேன்.

ஹாலில் மெத்தை விரித்து டேனியலைப் படுக்க வைத்திருந்தார்கள். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. புளித்த வாடை. தலைமாட்டில் மூடி போட்ட டம்ளரில் ஆறிப்போன கோப்பி ஓ. கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. ஏர்போர்ட்டில் நான் கட்டிப்பிடித்த ஆள் இல்லை அது.

பக்கத்தில் அவனுடைய மாத்திரை டப்பா. காலை, மாலை என்று அறை அறையாகப் பிரித்தது. திறந்து பார்த்தேன். வரிசையாக எல்லா அறையிலும் மாத்திரை அப்படியே கிடந்தது.

"ஏண்டா போடல?"

அவன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. பெரிய படிப்புப் படித்தவன். ஒரு துறைமுகத்துக்கே வரைபடம் போட்டவன்.

"சாப்பிட முடியலக்கா. வெறும் வயித்துல எப்படிப் போடறது?"

ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. கை உயரவில்லை.

"ஒன்னுக்குப் போனியா?"

"நேத்து... கொஞ்சம்."

"இன்னிக்கு?"

இல்லை என்று தலையை ஆட்டினான்.

சட்டையைத் தூக்கினேன். புதுக் கிட்னியை முதுகில் வைக்க மாட்டார்கள், பலருக்கு இது தெரியாது. முன்பக்கம் அடிவயிற்றில், வலது பக்கம் வைத்துத் தைப்பார்கள். தொட்டால் கைக்குத் தட்டுப்படும். ஆப்பரேஷனுக்குப் பிறகு ஒரு தடவை என் கையைப் பிடித்து அங்கே வைத்துக் காட்டியிருக்கிறான். அப்போது மெத்தென்று இருந்தது. இப்போது கல் மாதிரி இறுகி, வீங்கி, அந்த இடம் மட்டும் கொதித்தது. என் விரல் பட்டதும் அவன் துடித்துப்போனான்.

என் உடம்பில் பிறந்த பொருள் அது. என் கைக்குக் கீழேதான் செத்துக்கொண்டிருந்தது.

மேரி கதவோரம் நின்று அழுதாள். "நீங்க திட்டுவீங்கன்னு பயந்துட்டாங்க அண்ணி. நாங்க என்ன பண்றது?"

இன்றைக்கும் சொந்தத்தில் சிலர் இதைச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். என் வாய்க்குப் பயந்துதான் அவன் மறைத்தானாம், நான் கொஞ்சம் தன்மையாக இருந்திருந்தால் அவன் சொல்லியிருப்பானாம். இதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன். என் வாயால் இதுவரை யாரும் செத்ததில்லை. அக்கா திட்டுவாள் என்று பயப்படத் தெரிந்தவனுக்கு, மாத்திரை போடாவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படத் தெரியவில்லையா? அங்கே பெர்த்தில் லேசாக இருமினால்கூட கிளினிக்குக்கு போன் போடுகிறவன். ஊருக்கு வந்ததும் மூளையைக் கழற்றி ஏர்போர்ட்டிலேயே வைத்துவிட்டான். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. ஊர்ச் சாப்பாட்டைத் தின்றால் ஊர் வைத்தியம் போதும் என்று நினைக்கிறார்கள்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்

கோலாலம்பூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கிட்னி டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும்.

"கடைசியா எப்ப மாத்திரை போட்டீங்க அங்கிள்?"

டேனியல் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

"சாப்பாடு உள்ள நிக்கல டாக்டர். அதான்..."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கும் அம்மா இருப்பார், அந்த அம்மாவும் இதே சட்டம் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். கோபமே இல்லாமல் பேசினார்.

"அங்கிள், சாப்பிட்டாலும் சாப்பிடலன்னாலும் இந்த மாத்திரை போடணும். சில பேரை நாங்களே வெறும் வயித்துலதான் போடச் சொல்றோம். வாந்தில வெளிய போச்சுன்னா அன்னிக்கே ஓடி வரணும். அது உங்க அக்காவோடதுன்னு உங்க உடம்புக்குத் தெரியாது. யாரோ அந்நியன் உள்ள வந்துட்டான்னு அடிச்சுத் துரத்தும். மாத்திரைதான் இத்தன வருஷம் அதத் தடுத்துக்கிட்டு இருந்துச்சு."

பேதியில் தண்ணீர் வற்றி ஒரு அடி. மாத்திரை இல்லாமல் ஒரு அடி. இரண்டையும் சேர்த்துத் தாங்க அந்தக் கிட்னியால் முடியவில்லை.

வராந்தாவில் சாமுவேல் என் காலடியில் உட்கார்ந்துகொண்டு, "அந்தக் கடைய விடக்கூடாதுக்கா. நகராண்மைக் கழகத்துல புகார் குடுத்து மூட வெக்கணும்" என்றான்.

"எந்தக் கடைய?"

முழித்தான். ரொஜாக்கா, செண்டோலா, அதற்கு முந்தின நாள் சாப்பிட்டதா, அவனுக்கே தெரியவில்லை. கடைக்காரன் யோக்கியன் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரே வாளித் தண்ணீரில் நாள் முழுக்கக் கிண்ணம் கழுவுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பிடித்து உள்ளே போடட்டும், சந்தோஷம். ஆனால் அதே ரொஜாக்கைத் தின்ற இவன் பிள்ளைகள் மறுநாள் பள்ளிக்கூடம் போனார்கள். டேனியலும் முதல் வாந்தியோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தால் ஒரு பாட்டில் தண்ணீர் ஏற்றி, மருந்தை ஊசியில் போட்டு அனுப்பியிருப்பார்கள். அதை டாக்டரே சொன்னார்.

"கடைய மூடறது இருக்கட்டும். உங்க வீட்டு கோப்பி ஓவ என்ன பண்றது?" என்று கேட்டேன்.

சொட்டு

பலமான ஊசிகள் போட்டார்கள். ஊசி விட்டு அந்தக் கிட்னியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். சபையில் உபவாச ஜெபம் வைத்தார்கள். லீனா விமானம் பிடித்து வந்து அவன் கட்டிலை விட்டு நகரவில்லை. நான் கட்டில் ஓரத்தில் தொங்கிய மூத்திரப் பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தேநீர் நிறத்தில் அடியில் கொஞ்சம் தேங்கி நின்றது. காலையில் பார்த்த கோட்டிலேயே மாலையிலும் நின்றது. இதற்காக மனிதர்கள் இப்படி ஏங்குவார்கள் என்று சொன்னால், அனுபவப்படாதவர்கள் நம்ப மாட்டார்கள்.

பிறகு கழுத்தில் குழாய் செருகி, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷினில் போட்டார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். பிறகு அந்த வார்த்தையைச் சொல்வதை விட்டுவிட்டார்கள்.

வாசகர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். அவன் பெர்த்தில் இருக்கிறான், உயிரோடு இருக்கிறான். வாரத்தில் மூன்று நாள் மெஷினோடு படுத்திருக்கிறான். குடிக்கிற தண்ணீரை அளந்து குடிக்கிறான். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தாகத்துக்கு ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்கிறான். இன்னொரு கிட்னிக்காக வரிசையில் பெயர் இருக்கிறது. கொடுக்க என்னிடம் வேறு இல்லை. இருக்கிற ஒன்றில்தான் என் காலமும் ஓடுகிறது.

லீவுக்கு ஊர் வருகிறவர்களுக்கு, அவர்களைக் காடியில் ஏற்றிக்கொண்டு கடை கடையாகத் திரிகிறவர்களுக்கு, ஒன்று சொல்லிவிடுகிறேன். சாப்பிடுங்கள், சாப்பிட வையுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் வந்தவர் என்ன மாத்திரை போடுகிறார், எதற்குப் போடுகிறார் என்று கேட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போங்கள். வயிறு கெட்டால் அவர் பேச்சைக் கேட்காதீர்கள். தூக்கிக்கொண்டு ஓடுங்கள். திட்டு வாங்கினால் உயிர் போகாது.

டாக்டரிடம் நான் கேட்டது

கிட்னி போய்விட்டது, இனி திரும்பாது என்று அந்தப் பெண் டாக்டர் கட்டிலருகே வந்து சொன்ன நாளில் லீனா கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள். நானும் டேனியலும்தான். அவன் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். அழவில்லை. நானும் அழவில்லை.

எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது.

"அப்ப அத எப்பம்மா வெளிய எடுப்பீங்க?"

"எடுக்க மாட்டோம் ஆன்டி. தொந்தரவு குடுக்காதவரைக்கும் உள்ளயே விட்டுடுவோம். இன்னொரு ஆப்பரேஷன் இவருக்கு ஆபத்து. கொஞ்சம் கொஞ்சமா சுருங்கி அங்கேயே இருக்கும்."

"செத்தது அங்கேயே இருக்குமா?"

"ஆமா ஆன்டி."

டாக்டர் போன பிறகு டேனியல் என் பக்கம் தலையைத் திருப்பினான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு ஒரு பழக்கம், நிலைமை முற்றிப்போனால் ஒரு ஜோக் அடித்துத் தப்பிப்பான். அன்றைக்கும் முயன்று பார்த்தான்.

"என்னக்கா, திருப்பிக் கேக்கறீங்களா?"

நான் சிரித்திருக்கலாம். அப்படித்தான் அவன் எதிர்பார்த்தான். பெரியவள், கொடுத்தவள், விட்டுக்கொடுத்திருக்கலாம்.

"ஆமாண்டா" என்றேன். "திருப்பிக் குடு."

அவன் முகம் கோணியது. பிறகு சத்தமாக அழுதான். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். நர்ஸ் திரையை இழுத்து மூடிவிட்டுப் போனாள். நான் அவன் கையைப் பிடிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. லீனா மருந்துப் பையோடு வந்து, "என்னாச்சு அண்ணி?" என்று கேட்கும்வரை அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.